மூர், நீர்த்தேக்கம், காடு மூன்றும் ஒரே நடையில்: பீக் டிஸ்ட்ரிக்டில் கார் இல்லாமல் எங்கே போகலாம்?

புதுநடை:

வணக்கம். மான்செஸ்டரில் இருக்கிறோம், கார் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் என் மாமனார், மாமியார் ஊரிலிருந்து வருகிறார்கள். லண்டன், மியூசியம், கடைவீதியெல்லாம் மற்ற சொந்தக்காரர்கள் சுற்றிக் காட்டிவிடுவார்கள். எனக்கு ஒரு நாளாவது இந்த மலைப்பக்கத்தை அவர்கள் கண்ணில் காட்டிவிட வேண்டும். ஊதாப் பூ பூத்த மூர் (மரமில்லாத திறந்த மேட்டுநிலம்), பழைய அணை, ஓக் மரக் காடு, மூன்றும் ஒரே நடையில் வருகிற மாதிரி பீக் டிஸ்ட்ரிக்டில் வழி உண்டா? ரயிலில் போய் ரயிலிலேயே திரும்ப வேண்டும்.

மாமாவுக்கு 66 வயது, தினமும் விடிகாலையில் நடக்கிறவர், ஏற்றம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அத்தைக்கு முட்டி வலி. சமதளத்தில் நன்றாகவே நடப்பார், செங்குத்தான ஏற்ற இறக்கம்தான் ஆகாது. பையனுக்கு 10 வயது, சலிப்புத் தட்டாமல் இருந்தால் எவ்வளவு தூரமும் வருவான். தேடிப் பார்த்தால் எல்லோரும் கிண்டர் ஸ்கவுட் மலைக்குப் போ என்றுதான் சொல்கிறார்கள், படங்களைப் பார்த்தால் எங்கள் குடும்பத்துக்கு அது அதிகம் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. மேப்பில் பாதை சில இடங்களில் பண்ணை வீட்டை ஒட்டியே போகிறது, ஆடு மேய்கிற நிலத்துக்குள் கேட்டைத் திறந்துகொண்டு போகச் சொல்கிறது. அடுத்தவர் நிலத்தில் இப்படி நுழைவது சரியா? யாராவது வந்து சத்தம் போட்டால் மாமா முகம் வாடிவிடும், அதுதான் என் பயம். ஃபோன் மேப் போதுமா, தனி ஷூ வாங்க வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடைராசா:

உங்களுக்கு ஏற்ற நடை வின் ஹில்தான், யோசிக்கவே வேண்டாம். பாம்ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்கி, மலையேறி, ஹோப் ஸ்டேஷனில் ரயில் பிடிப்பது. இரண்டும் மான்செஸ்டர் ஷெஃபீல்ட் பாதையில் அடுத்தடுத்த நிறுத்தங்கள். ஒரு ஸ்டேஷனில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது கார்காரர்களுக்கு வாய்க்காத வசதி, அவர்கள் எங்கே போனாலும் நிறுத்திய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

பாம்ஃபோர்டிலிருந்து கொஞ்ச தூரம் சாலையோரம் நடந்தால் தார்ன்ஹில் டிரெயில் வரும். அணை கட்டக் கல் கொண்டுபோன ரயில் தடம் அது, தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதையாக விட்டிருக்கிறார்கள். ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றமே தெரியாது, இரண்டு பக்கமும் மரம். அது லேடிபவர் அணைக்கட்டுப் பக்கம் கொண்டுவிடும். அங்கிருந்து பார்க்கின் க்ளஃப் என்று ஒரு ஓடைப் பள்ளம், காட்டுக்குள்ளேயே நேராக மேலே ஏறுகிறது. வளைவு நெளிவு கிடையாது, வேரைப் பிடித்தும் கல்லில் கால் வைத்தும் ஏற வேண்டும், மழை பெய்திருந்தால் வழுக்கும். மொத்த நடையில் கஷ்டமான இடம் அது ஒன்றுதான். காடு முடிந்ததும் சட்டென்று வானம் திறந்துகொள்ளும், நீங்கள் கேட்ட ஊதாப் பூச் செடி, ஹெதர், தொடங்கிவிடும், அதற்கு மேல் பாறை உச்சி. உயரம் 460 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு பக்கம் கீழே லேடிபவர் தண்ணீர் முழுவதும், மேற்கே கிண்டர், தெற்கே ஹோப் பள்ளத்தாக்கு. சிமென்ட் ஆலைப் புகைபோக்கியும் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன், படங்களில் அதை மட்டும் வெட்டிவிடுவார்கள். இறங்கும்போது ட்விச்சில் பண்ணை வழியாக ஹோப். புல் சரிவு, கொஞ்சம் செங்குத்து.

ஆகஸ்டில் போனால் ஹெதர் பூத்திருக்கும். பையனுக்கு இன்னொன்று இருக்கிறது, பில்பெரி. முழங்கால் உயரம்கூட இருக்காது அந்தச் செடி, இலை சின்னது, பழம் கருநீலத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கடையில் வாங்கும் புளூபெரிக்கு உள்ளே வெளுத்திருக்கும், இதற்கு உள்ளேயும் கருஞ்சிவப்பு. ஒரு கைப்பிடி தின்றால் நாக்கும் விரலும் ஊதா.

தூரம் 7, 8 கிலோமீட்டர்தான், ஏற்றம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேரத்தைக் கணக்குப் போட நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் சொன்ன கணக்கையே இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், மேலே 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னும் 1 மணி நேரம். அப்படிப் பார்த்தால் இது 2 மணி நேர நடை. ஆனால் அது நிற்காமல் நடக்கிறவருக்கான கணக்கு. சாப்பாடு, படம் எடுப்பது, பழம் பறிப்பது எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தைப் பார்த்து நடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மேப்பில் சம உயரக் கோடு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பாருங்கள், கால் வலியை அதுதான் சொல்லும்.

வாணி_ஷெஃபீல்ட்:

நடைராசா சொன்னது மாமாவுக்கும் பையனுக்கும் அருமையான நடை. ஆனால் தம்பி, அத்தையைப் பார்க்கின் க்ளஃபில் ஏற்றிவிடாதீர்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அது தண்டனை, மேலே போய்ச் சேர்ந்தாலும் அந்தப் பக்கம் இறக்கம் இருக்கிறது. எல்லோரும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? அத்தையும் உங்கள் மனைவியும் தார்ன்ஹில் டிரெயிலில் அணை வரைக்கும் உங்களோடு வரட்டும், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அதே தடத்தில் பாம்ஃபோர்டுக்குத் திரும்பட்டும். மான்செஸ்டர் போகிற ரயில் முதலில் பாம்ஃபோர்டில் நின்று அடுத்து ஹோப்புக்குத்தான் வரும். அவர்கள் அங்கே ஏற, நீங்கள் ஹோப்பில் அதே ரயிலில் ஏறிக்கொள்ளலாம். எந்த ரயில் என்பதைப் பிரியும் முன்பே பேசிவிடுங்கள், மலைக்குப் பின்னால் சிக்னல் வரும் போகும். இந்தப் பாதையில் எல்லா ரயிலும் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது, விரைவு வண்டிகள் நேராகப் போய்விடும், அதனால் நேரத்தை முன்னாடியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அணையிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. லேடிபவர் அணைக்கு அருகே தண்ணீருக்குள் இரண்டு பெரிய வட்டக் கிணறு மாதிரி கல் கட்டுமானம் தெரியும். நீர்த்தேக்கம் நிரம்பினால் உபரி நீர் அதன் விளிம்பு வழியாக உள்ளே கொட்டி, அடியில் சுரங்கம் வழியாக ஆற்றுக்குப் போய்விடும். வாய் 24 மீட்டர் அகலம். தண்ணீர் குறைந்திருந்தால் படிப்படியாகச் செதுக்கிய கல் வரிசை முழுவதும் வெளியே தெரியும், நிரம்பி வழிகிற நாளில் ஏரிக்கு நடுவே வட்டமாக ஓட்டை விழுந்த மாதிரி தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டுமே பார்க்க வேண்டியதுதான். ஆகஸ்ட் கடைசியில் பெரும்பாலும் முதல் காட்சிதான் கிடைக்கும்.

இந்தத் தண்ணீருக்கு அடியில் ஆஷப்டன், டெர்வென்ட் என்று இரண்டு கிராமங்கள் இருந்தன. 1935-இல் கட்டத் தொடங்கி 1943-இல் அணையை முடித்தார்கள், 1945-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். டெர்வென்ட் தேவாலயத்தின் கோபுரத்தை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள், ஏரிக்கு மேலே அது தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. ஆள்கள் நீந்திப் போய்த் தொட ஆரம்பித்ததும் ஆபத்து என்று 1947-இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். 2018, 2022 மாதிரி வறண்ட வருடங்களில் டெர்வென்ட் ஊரின் சுவர்களும் கல்குவியல்களும் வெளியே வந்தன. நம் ஊரிலும் அணைக்குள் போன ஊர்கள் எத்தனையோ உண்டு, அத்தைக்கு இதைச் சொன்னால் அந்தத் தண்ணீரையே வேறு மாதிரி பார்ப்பார்.

இன்னொரு நாள் கிடைத்தால், யாராவது காரில் கூட்டிப் போனால், மேலே ஃபேர்ஹோம்ஸுக்குப் போங்கள். அங்கே டெர்வென்ட் அணை, 1916-இல் முடித்தது, இரண்டு பக்கமும் கோட்டை மாதிரி கோபுரம். நல்ல மழைக்குப் பிறகு சுவர் முழுவதும் வெள்ளையாகத் தண்ணீர் வழியும். 1943-இல் ஜெர்மன் அணைகளை உடைக்கப் போன விமானிகள் தாழப் பறந்து பழகியது இந்த ஏரிக்கு மேல்தான். கிழக்குக் கரையில் மரங்களுக்கு நடுவே அகலமான வண்டித்தடம், அத்தை வேண்டிய தூரம் நடந்து திரும்பலாம். வார இறுதியில் மேற்குக் கரை ரோட்டை ஃபேர்ஹோம்ஸுக்கு மேல் கார்களுக்கு மூடிவிடுவார்கள், அதனால் அதுவும் அமைதியாக இருக்கும்.

புதுநடை:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. ஒரே ரயிலில் இரண்டு ஸ்டேஷனில் ஏறுவது எனக்குத் தோன்றவே இல்லை, மனைவியிடம் சொன்னேன், உடனே சரி என்றாள். ட்விச்சில் பண்ணை வழியாக என்றீர்களே, நான் கேட்ட சந்தேகம் அந்த இடத்தைப் பார்த்துத்தான் வந்தது. பாதை பண்ணைக் கட்டடங்களை ஒட்டிப் போகிறது. மாமா நிச்சயம் வாசலில் நின்று அனுமதி கேட்கலாமா என்பார்.

கல்லோரம்:

கேட்க வேண்டியதில்லை. மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: நிலம் அவருடையது, வழி எல்லோருடையது.

இங்கிலாந்தில் பொது நடைவழி என்பது சட்டம் காக்கிற உரிமை. ரோட்டில் நடக்க யாரிடமும் கேட்பதில்லை, அதே மாதிரிதான் வயலுக்கு நடுவே போகிற அந்த ஒற்றையடிப் பாதையும். நிலச் சொந்தக்காரர் அதை அடைக்க முடியாது. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. அரசு நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 மேப்பில் இந்த வழிகள் பச்சைக் கோடு கோடாக இருக்கும். நீங்கள் போகிற பகுதிக்கு ஓ.எல். 1, டார்க் பீக் என்று கேட்டு வாங்குங்கள். கருப்புக் கோட்டில் தெரிகிற தடமெல்லாம் பொது வழி என்று அர்த்தம் இல்லை, இதைப் புதிதாக வருகிறவர்கள் குழப்பிக்கொள்வார்கள்.

இது போக, அதே மேப்பில் வெளிர் மஞ்சள் அடித்த பகுதி இருக்கும். அங்கே பாதையை விட்டு விலகியும் கால் போன போக்கில் நடக்கலாம். மலை, மூர், ஹீத் (புதர்த் தரை), பொதுமேய்ச்சல் நிலம் ஆகியவற்றுக்கு 2000-இல் வந்த சட்டம் கொடுத்த உரிமை அது. இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதம்தான் அப்படி இருக்கிறது, ஆனால் பீக் டிஸ்ட்ரிக்டின் மேட்டுநிலம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். கூடாரம் போடவோ தீ மூட்டவோ அது அனுமதி தராது. சொந்தக்காரர் வருடத்தில் 28 நாள் வரை அந்தப் பகுதியை மூடவும் முடியும், க்ரௌஸ் பறவை வேட்டை ஆகஸ்ட் 12-இல் தொடங்குவதால் உங்கள் மாதத்தில் அப்படி அறிவிப்பு இருக்கலாம். மூடினாலும் பச்சைக் கோட்டு வழிகளை அது தொடாது, நீங்கள் தாராளமாக நடக்கலாம்.

இந்த உரிமை சும்மா வரவில்லை, அதை மாமாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். வின் ஹில் உச்சியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற கிண்டர், ஒரு காலத்தில் பணக்காரர்கள் க்ரௌஸ் சுடுவதற்காக அடைத்து வைத்திருந்த நிலம். மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆலைத் தொழிலாளிகளுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு நாள், கண்ணுக்கு எதிரே மலை, ஏற முடியாது. 1932 ஏப்ரல் 24 ஞாயிற்றுக்கிழமை, ஹேஃபீல்ட் பக்கத்துக் கல்குவாரியில் சில நூறு பேர் கூடினார்கள். 20 வயது பெனி ராத்மன் பேசினார், பிறகு எல்லோரும் மலையேறிவிட்டார்கள். காவலாளிகளோடு கைகலப்பு. ஐந்து இளைஞர்களுக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. அந்தத் தீர்ப்புதான் ஜனங்களைக் கொதிக்க வைத்தது. 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்டை அறிவித்தார்கள், 1965-இல் இதே ரயில் பாதையில் ஹோப்புக்கு அடுத்து வருகிற ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை தாண்டிப் போகிற பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைவழி திறந்தது. நடந்து திரிய சாதாரண ஜனங்களுக்கும் உரிமை உண்டு என்று ஜெயிலுக்குப் போனவர்கள் வாங்கிக் கொடுத்த வழி இது. கூச்சப்பட எதுவும் இல்லை.

பதிலுக்கு நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கேட் மூடியிருந்தால் தாண்டியதும் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், ஆட்டைத் தண்ணீருக்கு விட வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பார்கள். கல் சுவரில் ஏறிக் குதிக்காதீர்கள், சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கிய சுவர் அது, ஒரு கல் உருண்டால் வரிசையே சரியும். கன்றோடு மாடு நின்றால் நடுவே புகாமல் ஒதுங்கிப் போங்கள். பண்ணையில் ஆளைப் பார்த்தால் ஒரு ஹலோ.

மேகமூட்டம்:

எல்லோரும் நல்ல விஷயமாகச் சொல்லிவிட்டார்கள். நான் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன், கோவிக்க வேண்டாம்.

ஃபோன் மேப் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. குளிரிலும் மழையிலும் பேட்டரி இறங்கும், ஈரக் கைக்குத் திரை ஒத்துழைக்காது. மேப்பை முன்னாடியே இறக்கி வையுங்கள், கூடவே காகித மேப் ஒன்று பையில் இருக்கட்டும். வின் ஹில்லில் பாதை தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் மேகம் இறங்கிவிட்டால் 20 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது, உச்சியில் பல தடம் பிரிகிறது, தப்பான பக்கம் இறங்கினால் நேராக நீர்த்தேக்கத்தின் மறு கரை. மேகம் வந்தால் இறங்க வேண்டிய திசையை முதலில் காம்பஸில் பார்த்துவிட்டு நகருங்கள்.

ஷூ: புதிதாக விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ இருந்தால் போதும், வழவழப்பான ஓட்ட ஷூவில் மட்டும் வராதீர்கள். மாமா செருப்பில் மலை ஏறிப் பழகியவராக இருந்தாலும் இங்கே வேண்டாம், பீட் மண் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். மூரில் பாதையை விட்டு விலக உரிமை இருக்கிறது என்று கல்லோரம் சொன்னது சரி, ஆனால் எங்கே கால் வைக்கிறோம் என்று தெரிந்து விலகுங்கள். பளிச்சென்று பச்சையாகப் பாசி தெரிந்தாலோ வெள்ளைப் பஞ்சு தலையாட்டும் புல் நின்றாலோ அடியில் தண்ணீர் இருக்கிறது. பார்க்கத் தரை மாதிரியே இருக்கும், மிதித்தால் ஊறிய அவல் போல் அமுங்கிக் கால் முழங்கால் வரை போய்விடும். ஹெதர் நிற்கிற இடம் பொதுவாக அதைவிட உலர்ந்தது. இந்தப் பீட் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செடி மக்கிச் சேர்ந்தது, மழை நீரைப் பிடித்து வைப்பதும் கார்பனைப் பூட்டி வைப்பதும் அதுதான், அதை மிதித்துக் குழப்பாமல் இருப்பதே நல்லது. தீ பற்றினால் மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டு நாள்கணக்கில் அணையாது. 2018 கோடையில் சாடில்வொர்த் மூர் எரிந்தபோது ராணுவத்தையே கூப்பிட வேண்டியிருந்தது. சிகரெட், கரி அடுப்பு எதுவும் மேலே வேண்டாம்.

ஆகஸ்ட் என்று ஏமாறாதீர்கள். மேலே 100 மீட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் குறையும், அதற்கு மேல் காற்று. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு கட்டாயம். ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது.

நீர்த்தேக்கத்தில் யாரும் இறங்கக் கூடாது, வெயில் எவ்வளவு அடித்தாலும். மேல் தண்ணீர் இதமாக இருக்கும், கொஞ்சம் ஆழத்தில் உறைய வைக்கும் குளிர், உடம்பு அதிர்ந்து மூச்சு தானாக இழுத்து தண்ணீர் உள்ளே போய்விடும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே இப்படிச் செத்திருக்கிறார்கள். வற்றிய கரையும் அப்படித்தான், மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், உள்ளே சேறு.

பெரணிப் புதர் வழியாக வந்தால் வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, பையனின் தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எள் அளவுதான் இருக்கும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள், எண்ணெய் தடவுவது, சுடுவதெல்லாம் வேண்டாம். பின்னால் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

ஏதாவது ஆகிவிட்டால் 999, போலீஸ் கேளுங்கள், அவர்களிடம் மௌண்டன் ரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், காசு வாங்க மாட்டார்கள். விசில் ஒன்று பையனிடம் கொடுங்கள்: ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும். அவனுக்கு அது பெரிய பொறுப்பு, சும்மா ஊதக் கூடாது என்று சொல்லியே கொடுங்கள்.

புதுநடை:

மேகமூட்டம் அண்ணா, கோபமா? இல்லவே இல்லை, இதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். மேப் ஓ.எல். 1 ஆர்டர் போட்டாயிற்று. மாமாவிடம் நேற்று ஃபோனில் கிண்டர் கதையைச் சொன்னேன், அவர் தொழிற்சங்கத்தில் இருந்தவர், அந்தக் குவாரி எங்கே இருக்கிறது, அங்கேயே போகலாமே என்கிறார்! ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு மழை என்றால் வேறு என்ன செய்யலாம்?

வாணி_ஷெஃபீல்ட்:

தூறல் என்றால் அணை வரைக்கும் எல்லோரும் ஒன்றாக நடந்து திரும்புங்கள், மரம் இருப்பதால் அவ்வளவாக நனைய மாட்டீர்கள், மலை இன்னொரு நாள். பெருமழை என்றால் தேதியை மாற்றுங்கள். மாமாவும் நீங்களும் மட்டும் என்றால் இன்னொரு தூறல் நாளுக்கு க்ரிண்டில்ஃபோர்ட் இருக்கிறது, பாம்ஃபோர்டைத் தாண்டி இரண்டாவது நிறுத்தம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பேட்லி கார்ஜ், பழைய ஓக் காடு, ஓடை பாறைக்குப் பாறை தாவி வரும், மழைக்குப் பிறகு அது இன்னும் அழகு. மேலே போல் ஹில் குவாரியில் இருந்துதான் டெர்வென்ட், ஹௌடன் அணைகளுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் கல் வெட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்தில் விற்காமல் விட்டுப்போன ஆலை அரைவைக்கல் வட்டங்கள் பாசி பிடித்துக் கிடக்கும், தேசியப் பூங்காவின் சின்னமே அந்தக் கல்தான்.

குவாரிக்குப் போக மாமா ஆசைப்பட்டால் அது ஹேஃபீல்டில், பௌடன் பிரிட்ஜ். அங்கே ரயில் கிடையாது, பஸ்தான். குவாரிச் சுவரில் 1932-ஐச் சொல்லும் பலகை பதித்திருக்கிறார்கள். பஸ் நேரம் தெரிய வேண்டுமென்றால் தேதி முடிவானதும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.